கப்பலுக்கு வழிவிட்ட இருப்புப்பாதை

திருச்செங்கோட்டு நகருக்குள் இரயில் நிலையம் கிடையாது. இரயிலில் வெளியூர் செல்ல விரும்பும் நாம் சங்ககிரிக்கோ ஈரோட்டிற்கோ சென்றுதான் வண்டி ஏறவேண்டும். சங்ககிரியிலிருந்து ஈரோடு செல்லும் வண்டி காவிரிப் பாலத்தின்மீது தடதடவென்று ஓடும்போது கீழே பரிசல்கள் மிதப்பதைப் பார்த்திருப்பீர்கள். பரிசலுக்கும் படகிற்கும் பாலத்தின் அடியில் வேண்டிய இடம் உண்டு. ஆகவே வண்டி வருவதைப் பற்றிப் பரிசல்காரரும், பரிசல் வருவதைப் பற்றி இரயில் ஓட்டுநரும் கவலைப்படுவதில்லை. ஆனால் தண்டவாளம் செல்லும் வழியிலேயே உயர்ந்த பாய்மரத்துடன் ஒரு கப்பல் குறுக்கே வந்தால் என்ன செய்வது? இருவரில் யார் நிற்பது? யார் போவது? இந்தக் கேள்விக்கு நம் தமிழ்நாட்டிலேயே விடை சொன்ன இடம் ஒன்று உண்டு. அதுதான் பாம்பன்.

கடலின் நடுவே ஒரு வாயில்

இராமேசுவரம் தீவையும் மண்டபத்தையும் பிரிப்பது ஓர் ஆழமற்ற நீரிணை. 19ஆம் நூற்றாண்டில் அங்கிருந்த பாறைகளை உடைத்து, சிறு கப்பல்கள் செல்லுமளவிற்கு ஆழப்படுத்தினர். இதனையே பாம்பன் கால்வாய் என்கிறோம். பெரிய கப்பல்கள் இலங்கையைச் சுற்றித்தான் செல்லும். சிறிய கப்பல்களுக்கோ இக்கால்வாய் நல்ல குறுக்கு வழி.

இந்தக் கால்வாயைக் கடந்து 1914ஆம் ஆண்டு பிப்ரவரி 24ஆம் நாள் இரயில் பாலம் திறக்கப்பட்டது. நீளம் ஏறத்தாழ 2 கிலோமீட்டர். சென்னை எழும்பூரில் புறப்பட்ட 'போட் மெயில்' என்னும் வண்டி இதன்மீது ஓடித் தனுஷ்கோடியை அடையும். அங்கிருந்து பயணிகள் நீராவிக் கப்பலேறி இலங்கையின் தலைமன்னாரை அடைவர். இரயிலை நிறுத்தவும் முடியாது, கப்பலைத் தடுக்கவும் முடியாது என்ற நிலையில், பாலத்தின் ஒரு பகுதியைத் திறந்து மூடும் வாயிலாக அமைத்தனர். அமெரிக்கப் பொறியாளரான ஷெர்சர் என்பவர் வகுத்த முறை அது. ஆதலால் அப்பகுதிக்கு அவர் பெயரே நிலைத்தது.

அது எப்படித் திறக்கும்? இரட்டைக் கதவை நினைத்துக்கொள்ளுங்கள். கதவுகள் பக்கவாட்டில் திறக்கும். இங்கோ இரண்டு இரும்புச் சிறகுகள் மேல்நோக்கி எழும். ஒவ்வொரு சிறகின் அடியும் வளைந்திருக்கும். ஆடும் நாற்காலி பின்புறம் சாய்வதைப் போல, அந்த வளைவு பின்னோக்கி உருள, முன்முனை வானத்தை நோக்கி உயரும். பல நூறு டன் எடையுள்ள இரும்பை மனிதர் கையால் தூக்க முடியுமா? முடிந்தது! காரணம், சிறகின் பின்பகுதியில் அதற்குச் சமமான எடை கட்டப்பட்டிருந்தது. நம் கிராமத்துக் கிணற்று ஏற்றத்தில் துலாவின் ஒருபுறம் பாரம் வைத்தால் மறுபுறம் எளிதில் எழும் அல்லவா? அதே கணக்குத்தான். சில பணியாளர்கள் சேர்ந்து பல்சக்கரங்களைச் சுழற்றினால் போதும், சிறகு மெல்ல மேலெழும்.

ஒரு பாதை, ஒரு பந்து

பாலம் திறந்திருக்கும் நேரத்தில் வண்டி வந்துவிட்டால்? இங்கேதான் இரயில்வேயின் உண்மையான அறிவாற்றல் விளங்குகிறது.

நீராவி வண்டியை நினைத்தவுடன் நிறுத்த இயலாது. தடை போட்ட பிறகும் அது நெடுந்தொலைவு ஓடித்தான் நிற்கும். ஓட்டுநருக்கு முன்னால் நீண்ட கொதிகலன் மறைக்கும், புகை வேறு கண்ணை மறைக்கும். எனவே அவர் கண்ணால் கண்டு நிறுத்துவார் என்று நம்பியிருக்க முடியாது. பாதை பத்திரமாக இல்லாதபோது வண்டி நிலையத்தைவிட்டே கிளம்பக்கூடாது.

ஒற்றைத் தண்டவாளப் பாதைகளில் இதற்கென ஓர் எளிய ஏற்பாடு இருந்தது. அடுத்தடுத்த இரு நிலையங்களிலும் ஒவ்வொரு கருவி இருக்கும். இரண்டும் மின்கம்பியால் இணைந்திருக்கும். உள்ளே இரும்புப் பந்துகள் இருக்கும். அந்தப் பந்துக்கு 'டோக்கன்' என்று பெயர். இரு நிலைய அதிபர்களும் இசைந்தால் மட்டுமே ஒரு பந்து வெளியே வரும். அது மீண்டும் ஏதேனும் ஒரு கருவிக்குள் போடப்படும்வரை இரண்டாவது பந்து எந்த நிலையத்திலும் வெளிவராது. பந்தைத் தோல்பையில் இட்டு, பிரம்பு வளையத்தில் கோத்து ஓட்டுநரிடம் தருவார்கள். அது கையில் இல்லாமல் அவர் வண்டியை எடுக்கக்கூடாது. இவ்விதம் ஒரு பாதையில் ஒரே நேரத்தில் ஒரே வண்டி என்பது உறுதியாயிற்று.

அடுத்தது கைகாட்டி மரம். அதன் கை கிடையாக நீண்டிருந்தால் 'நில்', கீழே சாய்ந்தால் 'செல்' என்று பொருள். இரவில் கையின் நிறக்கண்ணாடிகளுக்குப் பின்னே மண்ணெண்ணெய் விளக்கு எரியும். சிவப்பும் பச்சையும் அதன் ஒளியில் தெரியும். மாலைதோறும் ஏணியில் ஏறி அந்த விளக்கை ஏற்றி வைப்பது ஒருவரின் கடமை. எண்ணெயுடன் காத்திருந்த விவிலியத்தின் விவேகமுள்ள கன்னியரைப் போல அவரும் ஒருநாளும் மறக்கலாகாது.

கைகாட்டியில் மற்றொரு நுட்பமும் உண்டு. அதன் கையைக் கீழே சாய்ப்பது நிலையத்திலிருந்து இழுக்கப்படும் கம்பி. அந்தக் கம்பி அறுந்துபோனால் என்னாகும்? கையோடு இணைந்த எடை அதனைத் தானாகவே கிடைநிலைக்குக் கொண்டுவந்துவிடும். அதாவது, கருவி கெட்டால் அது 'செல்' என்று பொய் சொல்லாது. 'நில்' என்றே சொல்லும். தவறு நேர்ந்தாலும் அது பாதுகாப்பின் பக்கமே சாயவேண்டும் என்பதே இரயில்வேயின் அடிப்படை நெறி.

பூட்டுக்குள் பூட்டு

திறக்கும் பாலங்களில் இவையனைத்தும் ஒன்றோடொன்று பூட்டப்படும். முறை இதுதான். கப்பல் பாலத்திற்கு அப்பால் நங்கூரமிட்டுக் காத்திருக்கும். வண்டி இல்லாத நேரம் குறிக்கப்படும். இருபுறக் கைகாட்டிகளும் 'நில்' காட்டவேண்டும். அதன் பிறகே பாலத்தின் பூட்டைத் திறக்க இயலும். பாலத்தின் பூட்டு திறந்திருக்கும்வரை கைகாட்டியைச் சாய்க்க இயலாது. கப்பல் கடந்ததும் சிறகுகள் இறங்கி, முனைகள் பொருந்தி, தண்டவாளங்கள் நேர்ப்பட்டுப் பூட்டப்படவேண்டும். அதன் பின்னரே வண்டிக்கு வழி. ஒருவர் அவசரப்பட்டாலும் மறந்தாலும் பூட்டு அவருக்கு இணங்காது.

காற்றுக்கும் ஒரு விதி இருந்தது. பாலத்தில் காற்றின் வேகத்தை அளக்கும் கருவி வைத்திருந்தனர். மணிக்கு 58 கிலோமீட்டருக்கு மேல் காற்று வீசினால் வண்டிக்குப் பாலத்தின்மீது அனுமதி இல்லை. பயணிகள் மண்டபத்திலோ பாம்பனிலோ காத்திருக்க நேரும். சிலர் முணுமுணுப்பார்கள். ஆனால் 1964ஆம் ஆண்டை அறிந்தவர்கள் முணுமுணுக்க மாட்டார்கள்.

அவ்வாண்டு டிசம்பர் 22ஆம் நாள் நள்ளிரவை ஒட்டி, பாம்பனிலிருந்து சென்ற பயணிகள் வண்டி தனுஷ்கோடியை நெருங்கிய வேளையில் புயலின் பேரலை அதை விழுங்கியது. வண்டியில் இருந்த நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். தனுஷ்கோடி ஊரே அழிந்தது. பாம்பன் பாலத்தின் 120க்கும் மேற்பட்ட இரும்பு உத்தரங்கள் கடலில் விழுந்தன. ஆனால் ஷெர்சர் பகுதி நிலைத்து நின்றது. சீரமைப்புப் பொறுப்பை ஏற்ற இளம் பொறியாளர் இ. ஸ்ரீதரன், கடலில் விழுந்த உத்தரங்களையும் மீட்டுப் பயன்படுத்தி, 46 நாட்களில் பணியை முடித்தார். பாம்பனுக்கு மீண்டும் வண்டி வந்தது. தனுஷ்கோடிக்கு வரவேயில்லை.

பின்னர் நீராவி இன்ஜின்கள் ஓய்வுபெற்றன. 2007ஆம் ஆண்டு மீட்டர்கேஜ் பாதை அகலப்பாதையாயிற்று. 2022 டிசம்பரில் பழைய பாலத்தில் போக்குவரத்து நிறுத்தப்பட்டது. 2025 ஏப்ரல் 6ஆம் நாள் அருகிலேயே புதிய பாலம் திறக்கப்பட்டது. அதில் 72.5 மீட்டர் நீளமுள்ள பகுதி மின்விசையால் அப்படியே செங்குத்தாக மேலெழுகிறது. பல்சக்கரத்தைக் கையால் சுற்றவேண்டியதில்லை. இரும்புப் பந்தும் இல்லை, மண்ணெண்ணெய் விளக்கும் இல்லை.

ஆயினும் நெறி மாறவில்லை. கப்பலுக்குத் திறந்த பாதை, வண்டிக்கு மூடிய பாதை. பூட்டியது உறுதியானாலன்றிப் பச்சை விளக்கு இல்லை. ஐயம் வந்தால் நிற்பதே சரி. மாணவியரே, அடுத்த முறை நீங்கள் ஏறிய வண்டி ஏதோ ஒரு வெட்டவெளியில் சிவப்பு விளக்கின் முன் காரணம் தெரியாமல் நின்றால் சலித்துக்கொள்ளாதீர்கள். உங்கள் கண்ணுக்குத் தெரியாத ஒரு பூட்டு, முன்னே உள்ள பாதைக்காக இன்னும் காத்திருக்கிறது.