மலைக்கு ஏற்ற இயந்திரத்தை யார் செய்வது?

உதகையிலும் குன்னூரிலும் சீசன் தொடங்கினால் விடுதிகள் நிரம்பும். கூடவே செப்டிக் டேங்குகளும் நிரம்பும். பாதாளச் சாக்கடை எட்டாத இடங்களில் அவற்றைச் சுத்தம் செய்ய யாரைத் தேடி வருவார்கள் என்பது நமக்குத் தெரியும். தலைமுறை தலைமுறையாக இந்த வேலைக்குள் தள்ளப்பட்ட அருந்ததியர் உள்ளிட்ட நம் மக்களைத்தான்.

பாதுகாப்பு இல்லாமல் ஒருவரைத் தொட்டிக்குள் இறக்குவது 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். முதல் முறைக்கே 2 ஆண்டு வரை சிறை அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் உண்டு. தொட்டிக்குள் இறந்தவரின் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் தர வேண்டும் என்று 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. பணம் வரலாம், போன உயிர் வராது. மனிதன் இறங்காமல் இருக்க வேண்டுமானால் இயந்திரம் இறங்க வேண்டும்.

மாணவர்கள் செய்து காட்டினார்கள்

கூடலூரிலிருந்து நாடுகாணி வழியாக இறங்கினால் மலப்புரம் மாவட்டம். அங்கே குற்றிப்புரம் பொறியியல் கல்லூரியில் படித்த மாணவர்கள் சிலர், மனிதன் அணிந்து இயக்கும் ரோபோ உடை ஒன்றைச் செய்து பார்த்தவர்கள். 2015 நவம்பரில் கோழிக்கோட்டில் பாதாளச் சாக்கடைக் குழிக்குள் இரண்டு தொழிலாளர்களும், அவர்களைக் காப்பாற்றப் போன ஆட்டோ ஓட்டுநரும் இறந்தார்கள். அந்தச் சாவு மாணவர்களின் யோசனையைத் திருப்பியது. அவர்கள் உருவாக்கிய 'பேண்டிகூட்' என்ற ரோபோ 2018இல் திருவனந்தபுரத்தில் வேலைக்கு வந்தது.

சென்னை ஐ.ஐ.டி.யில் ஒரு மாணவரின் இறுதியாண்டு புராஜெக்டாகத் தொடங்கியது 'ஹோமோசெப்'. தொட்டியின் சின்ன வாய் வழியாக உள்ளே போய், குடைபோல விரிந்து சுழலும் அதன் கத்திகள் கெட்டிப்பட்ட கசடைக் கரைக்கும். பிறகு அதை உறிஞ்சி எடுக்கலாம். 2022இல் இதன் முதல் இயந்திரங்கள், தூய்மைப் பணியில் கணவரை இழந்த பெண்கள் முன்னின்று நடத்தும் சுயஉதவிக் குழுக்களுக்குத் தரப்பட்டன.

மலையின் கணக்கு வேறு

அதே இயந்திரங்களை நீலகிரிக்கு வாங்கி வந்தால் போதுமா? போதாது. இங்கே பல வீடுகள் சாலைக்குக் கீழே, படிக்கட்டு இறங்கிப் போகும் சரிவில் இருக்கின்றன. லாரி மேலே சாலையில்தான் நிற்கும். கடல் மட்டத்தில் ஒரு பம்பு தண்ணீரை வெறும் உறிஞ்சுதலால் அதிகபட்சம் சுமார் 10 மீட்டர்தான் தூக்க முடியும். சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் உள்ள உதகையில் காற்றழுத்தம் குறைவு என்பதால் அது 8 மீட்டருக்கும் கீழே வந்துவிடும். கசடு என்றால் இன்னும் குறையும். லாரியால் முடியாத இடத்தில்தான் வாளியும் கயிறும் மனிதனும் வருகின்றன.

ஆகவே மலைக்கு வேண்டியது, நான்கு பேர் படிக்கட்டில் தூக்கிச் செல்லக்கூடிய, கீழிருந்து மேலே தள்ளும் பம்பு உள்ள இயந்திரம். இதில் மின் பொறியியலுக்கு நிறைய வேலை இருக்கிறது. தொட்டிக்குள் மீத்தேன் இருக்கும். சிறு தீப்பொறி போதும், வெடித்துவிடும். எனவே தீப்பொறி வெளியே வராத மோட்டார் வேண்டும். ஹைட்ரஜன் சல்பைடு செம்பு இணைப்புகளை அரிக்கும். எனவே மூடி அடைக்கப்பட்ட இணைப்புகள் வேண்டும். அந்த வாயு அளவு கூடினால் மூக்கையே மரத்துப்போகச் செய்யும். "நாற்றம் இல்லை, இறங்கு" என்று சொல்லி எத்தனை பேரை இறக்கியிருப்பார்கள்! மூக்கை நம்பாமல் சென்சாரை நம்ப வேண்டும்.

கல்லூரிகளில் ரோபோட்டிக்ஸ் என்றதும் கறுப்புக் கோட்டின் மேல் ஓடும் சின்ன வண்டியைச் செய்யச் சொல்கிறார்கள். கற்றுக்கொள்ள அது நல்ல தொடக்கம்தான். ஆனால் நான்காம் ஆண்டிலும் அதே வண்டி ஓடினால் யாருக்கு என்ன பயன்? கேத்தியில் பொறியியல் கல்லூரி இருக்கிறது. மலையிலும் அடிவாரத்திலும் பாலிடெக்னிக், ஐ.டி.ஐ. இருக்கின்றன. இங்கெல்லாம் ஆண்டுக்கு ஒரு குழுவாவது இந்தச் சிக்கலை எடுத்தால், சில ஆண்டுகளில் மலைக்கென்று ஒரு இயந்திரம் வந்துவிடும். அதைச் சோதிக்கும்போது தூய்மைப் பணியாளர்களை உடன் உட்கார வைக்க வேண்டும். கசடு எங்கே கெட்டிப்படும், மூடி எங்கே சிக்கும் என்று அவர்களுக்குத் தெரிந்த அளவு எந்தப் பேராசிரியருக்கும் தெரியாது.

யார் படிப்பது, யார் உரிமையாளர்?

அந்த வகுப்பில் நம் பிள்ளைகளும் இருக்க வேண்டும். 6ஆம் வகுப்பு முதல் 12ஆம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 2021 முதல் பொறியியலில் 7.5 சதவீத இடம் உண்டு. அந்த இடத்தில் சேர்ந்தால் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே கட்டும். பட்டியல் சாதியினருக்கான 18 சதவீதத்தில் அருந்ததியருக்கு 3 சதவீத உள் ஒதுக்கீடு 2009 முதல் இருக்கிறது. தேயிலைத் தோட்ட லைன் வீடுகளில் பிளஸ் 2 முடிக்கும் பிள்ளைகளுக்கு இந்தத் தகவல் கலந்தாய்வுக்கு முன்பே போய்ச் சேர வேண்டும்.

இயந்திரம் வந்த பிறகும் ஒரு கேள்வி உண்டு. முதலாளி வேறொருவராக இருந்து, குழாயைப் பிடிப்பவர் மட்டும் நம்மவராக இருந்தால் சாதி அப்படியே இருக்கும், கருவி மட்டும்தான் மாறியிருக்கும். அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தில் 35 சதவீத மானியம் கிடைக்கிறது. தொழிலாளர்கள் குழுவாகச் சேர்ந்து இயந்திரத்துக்கு உரிமையாளராக அது ஒரு வழி.

இறுதியாண்டில் இருக்கும் தம்பி, தங்கைகளுக்கு ஒரு வேண்டுகோள். புராஜெக்டுக்குத் தலைப்பு தேடும்போது, உங்கள் ஊரில் செப்டிக் டேங்கை யார் சுத்தம் செய்கிறார்கள் என்று ஒருமுறை விசாரியுங்கள். தலைப்பு அங்கேயே கிடைக்கும்.