வாடிய குறுமரத்தைத் தேற்றுதல்

ஊசியிலை மரங்கள் என்றால் ஆண்டு முழுவதும் பச்சையாக நிற்பவை என்பதே பொதுவான எண்ணம். ஊட்டி, கொடைக்கானல் சென்று வந்தோர் அப்படித்தான் பார்த்திருப்பர். அவ்வினத்தைச் சேர்ந்ததாயினும் ஆண்டுக்கொருமுறை இலை அனைத்தையும் உதிர்த்துவிட்டு வெறுங்கிளையாய் நிற்கும் மரம் ஒன்று உண்டு. ஆங்கிலத்தில் அதனை ‘பால்டு சைப்ரஸ்’ என்பர். மொட்டைச் சைப்ரஸ் எனத் தமிழில் கூறலாம். டாக்சோடியம் டிஸ்டிக்கம் என்பது அதன் தாவரவியல் பெயர். அமெரிக்க ஐக்கிய நாட்டின் தென்கிழக்குச் சதுப்பு நிலங்களே அதன் தாயகம். அங்கே நீரில் கால் நனைத்தபடி நூற்றாண்டுகளைக் கடக்கும். வட கரோலினா மாநிலத்தில் பிளாக் ஆற்றோரம் நிற்கும் ஒரு மரத்துக்குக் குறைந்தது 2,624 வயது என்று ஆண்டு வளையங்களை எண்ணிய ஆய்வாளர்கள் 2019-இல் அறிவித்தனர். நம் அரிக்கமேட்டுக்கு ரோமானிய வணிகப் பொருள்கள் வந்திறங்கியதற்குப் பல நூற்றாண்டு முன்பே முளைத்த மரம் அது.

இத்தகைய மரத்தை ஒரு சாண் தட்டுத்தொட்டியில் போன்சாயாக வளர்ப்போர் நம் நாட்டிலும் உள்ளனர். நம் கடற்கரை வெப்பம் அதற்கு உகந்ததன்று. ஆயினும் அயல்நாட்டுத் தாவரங்களை இந்த மண்ணுக்குப் பழக்கும் முயற்சி புதுச்சேரிக்குப் புதிதன்று. 1826-இல் பிரெஞ்சு ஆட்சியில் தொடங்கப்பட்ட நம் தாவரவியல் பூங்காவில் அப்பணி நடைபெற்றதே. எங்கள் சிறுநீரகவியல் துறையிலும் போன்சாய் வளர்ப்போர் இருவர் இருக்கிறோம். ஆகவே நோயாளியரின் குடும்பத்தார் மருந்துச் சீட்டோடு சேர்த்துச் செடியைப் பற்றியும் எங்களிடம் கேட்பதுண்டு.

அவ்வாறு கேட்ட ஒரு தம்பதியரைப் பற்றி, அவர்களின் இசைவோடும் அடையாளம் தவிர்த்தும், இங்கே எழுதுகிறோம். கணவர் ஓய்வுபெற்ற ஆசிரியர். நாள்பட்ட சிறுநீரக நோயுடன் கடுமையான தொற்றும் சேர்ந்ததால் ஏழு வாரம் உள்நோயாளியாக இருந்தார். பதினோராண்டுகளாக அவர் வளர்த்த மொட்டைச் சைப்ரஸ் மாடியில் இருந்தது. பகலில் மருத்துவமனை, இரவில் வீடு என அலைந்த மனைவி அதற்கும் நீர் ஊற்றிவந்தார். ஆடி மாதம் கணவர் வீடு திரும்பவிருந்த வேளையில் மரத்தில் ஓர் இலைகூட இல்லை. “மரம் இருக்கிறதா, போய்விட்டதா என்று மட்டும் சொல்லுங்கள் டாக்டர். மாடிக்கு வரவேண்டாம் என்று அவரை எத்தனை நாள் தடுப்பேன்?” என்று அந்த அம்மையார் கேட்டார். கைப்பேசியில் படமும் காட்டினார்.

இலையுதிர்ந்த மரம் எல்லாம் செத்த மரம் அன்று. உறங்கும் மரமும் அன்று. தை மாதத்தில் இம்மரம் மொட்டையாய் நின்றால் அது பெரும்பாலும் இயல்பான ஓய்வு. புதுச்சேரியில் உண்மையான குளிர்காலம் இல்லாமையால் ஓய்வின் காலம் முன்பின்னாகும், அவ்வளவே. ஆனால் ஆடியில் உதிர்வது ஓய்வன்று. உதிர்வதற்கு முன் இலைகள் எந்நிறத்தில் இருந்தன என்று கேட்டோம். மஞ்சளாக, நடு நரம்பு மட்டும் பச்சையாக என்றார். நோய்க்குறி கூறுவதில் அந்த அம்மையார் பயிற்சி மருத்துவர் சிலரைக் காட்டிலும் தெளிவாக இருந்தார் என்பதைச் சொல்லியாக வேண்டும்.

உயிர் உள்ளதா என அறியும் முறை எளியது. கிளை நுனியில் பட்டையை நகத்தால் மெல்லச் சுரண்டிப் பார்க்க வேண்டும். உள்ளே ஈரப் பச்சை தெரிந்தால் அவ்விடத்தில் உயிர் உண்டு. பழுப்பாய் உலர்ந்திருந்தால் சற்றுக் கீழே, பின் இன்னும் கீழே என அடிமரம் நோக்கி வர வேண்டும். அதிர்ச்சி நிலையில் வரும் நோயாளியின் நகத்தை அழுத்திவிட்டுக் குருதி எத்தனை வேகத்தில் திரும்புகிறது என்று நாங்கள் பார்ப்பதும் ஏறத்தாழ இதுவே. ஆசிரியரின் மரத்தில் உச்சி முழுவதும் பழுப்பு. கீழ்க் கிளைகள் இரண்டில் பச்சை இருந்தது.

இனி, நடந்தது என்ன என்பது. முதல் இலை மஞ்சளானதும் அவர் நீரைக் கூட்டினார். காலையும் மாலையும் ஆழ்துளைக் கிணற்று நீர். சதுப்பு மரம்தானே என்று அடியில் ஒரு தட்டை வைத்து அதிலும் நீர் நிறுத்தினார். பிறகு பக்கத்து வீட்டார் சொல்கேட்டுக் காம்ப்ளக்ஸ் உரம் இட்டார். பின் வெயில்தான் காரணமோ என்று படிக்கட்டு நிழலுக்கு மாற்றினார். இறுதியாக நாற்றுப்பண்ணை ஒன்றில் சொன்னபடி மண்ணை மாற்றினார். ஏழு வாரத்தில் நான்கு வைத்தியம். இவற்றுள் ஒன்றேனும் அலட்சியத்தால் செய்யப்பட்டதன்று. ஒவ்வொன்றும் அச்சத்தால் செய்யப்பட்டது. முந்தியதன் பயன் தெரிவதற்குள் அடுத்ததும் வந்தது.

நீரை மிகுதியாக விரும்பும் மரத்துக்கு நீரால் கேடு வருமா என்று கேட்கலாம். கேடு நீரின் அளவில் இல்லை, தன்மையில் இருந்தது. கடலோரப் பகுதிகளில் ஆழ்துளை நீர் பல இடங்களில் கடினமானது, உப்பும் கொண்டது. அதனை நாள்தோறும் ஊற்றும்போது தொட்டி மண் காரத்தன்மை அடைகிறது. காரமான மண்ணில் இரும்பு கரையா நிலைக்குச் சென்றுவிடும். மண்ணில் இரும்பு உண்டு. வேரால் எடுக்க முடியாது. மனிதக் குருதியில் ஹீமோகுளோபினின் நடுவே இருப்பது இரும்பு. இலையின் பச்சையத்தின் நடுவே இருப்பது மக்னீசியம். ஆயினும் பச்சையத்தை ஆக்குவதற்கு இலைக்கும் இரும்பு வேண்டும். அது கிடைக்காதபோது நரம்பு பச்சையாகவும் இடைப்பகுதி மஞ்சளாகவும் தோன்றும். இதன்மேல் உரத்தின் உப்பும், கான்கிரீட் தளத்தில் சூடேறித் தேங்கிய நீரும் சேர்ந்தன. நீர் சூடேறும் அளவுக்கு அதில் கரைந்துள்ள உயிர்வளி குறையும். வேருக்கு மூச்சு முட்டும்.

இதனைச் சற்று விரித்து எழுதக் காரணம் உண்டு. அந்த ஆசிரியருக்கும் இரத்தசோகை இருந்தது. நீண்டநாள் தொற்றோ அழற்சியோ இருக்கும் உடலில் கல்லீரல் ‘ஹெப்சிடின்’ என்னும் பொருளை மிகுதியாகச் சுரக்கிறது. அது இரும்பை அதன் சேமிப்பறைகளிலேயே பூட்டி வைக்கும். போதாக்குறைக்கு, குருதியணுக்களை உண்டாக்கத் தூண்டும் எரித்ரோபாய்டின் என்ற இயக்குநீரைப் பழுதுற்ற சிறுநீரகம் போதிய அளவு சுரப்பதில்லை. ஆகவே நெல் நிறைந்த குதிர் இருந்தும் சாவி இல்லாத வீடு போன்ற நிலை. பார்க்க வரும் உறவினர் இதனை அறியார். இரத்தம் ஊறும் என்று பேரீச்சம்பழமும், உடற்சூடு தணியும் என்று இளநீரும் கொண்டுவருவர். இரண்டிலும் பொட்டாசியம் மிகுதி. சிறுநீரகம் வலுவிழந்தவருக்கு அப்பொட்டாசியம் வெளியேறாமல் குருதியில் தேங்கினால் இதயத் துடிப்பே தடுமாறும். அன்போடு நீட்டப்படும் ஓர் இளநீரால் அவசரப் பிரிவுக்கு வந்தோரை நாங்கள் கண்டிருக்கிறோம். எந்த உணவு எவ்வளவு என்பதைத் தங்கள் மருத்துவரிடமோ உணவியல் வல்லுநரிடமோ கேட்டே முடிவு செய்க.

மரத்துக்கு நாங்கள் சொன்னவற்றுள் பெரும்பாலானவை செய்ய வேண்டாதவை. உரம் வேண்டாம். வேர் இல்லாத மரத்துக்கு உரம் இடுவது, விழுங்க இயலாதவருக்கு விருந்து வைப்பதாகும். மண்ணை மீண்டும் மாற்ற வேண்டாம். புது வேர் பிடிக்கும் நேரத்தில் தொட்டியை அசைக்கவும் வேண்டாம். உலர்ந்த கிளைகளைக்கூட உடனே வெட்ட வேண்டாம். வடிவத்துக்காகச் சுற்றிய கம்பியை மட்டும் நறுக்கி எடுத்துவிடச் சொன்னோம். செய்ய வேண்டியவை சிலவே. தொட்டியின் கொள்ளளவைப் போல் மூன்று நான்கு மடங்கு மழைநீரை மெதுவாக ஊற்றி மண்ணில் தேங்கிய உப்பைக் கழுவ வேண்டும். மழை இல்லாத நாளில், வீட்டுச் சுத்திகரிப்புக் கருவியில் வடிகட்டிய குடிநீர் ஆகும். அக்கருவி வெளியேற்றும் கழிவுநீர் ஆகாது, உப்பு அதில்தான் சேர்கிறது. தொட்டியைத் தளத்தில் வைக்காமல் மரப் பலகைமேல் ஏற்ற வேண்டும். காலை வெயில் பத்து மணிவரை, அதன்பின் நிழல். பிறகு காத்திருத்தல்.

காத்திருத்தலே கடினமானது. நாள்தோறும் பட்டையைச் சுரண்டிப் பார்க்கத் தோன்றும்; சுரண்டிய ஒவ்வோரிடமும் ஒரு புண். அதற்கு மாற்றாக ஒரு குறிப்பேடு வைக்கச் சொன்னோம். ஆசிரியருக்கு நாளொன்றுக்கு இத்தனை மில்லிலிட்டர் நீர்தான் அருந்தலாம் என்ற கட்டுப்பாடு இருந்தது. அவருக்கு அளந்த குவளையாலேயே மரத்துக்கும் அளந்து, ஒரே ஏட்டில் இரு பத்திகளாக அந்த அம்மையார் எழுதிவந்தார். மரத்தின் பங்கு தம் பங்கைவிட மிகுதி என்று ஆசிரியர் குறைபட்டுக்கொண்டதும் அவ்வேட்டில் ஒரு நாள் பதிவாகியுள்ளது.

அந்த ஏட்டை எங்களிடம் காட்டிய நாளில்தான், உடன் வந்த அவருடைய இரத்த அழுத்தத்தையும் அளந்தோம். 170/100. ஏழு வாரமாக ஒவ்வொரு நாளும் இம்மருத்துவமனைக்குள் வந்து சென்றவர் அவர். யாரும் அளக்கவில்லை, அவரும் கேட்கவில்லை. உடனிருந்து பேணுவோர் தம் மாத்திரையைத் தவறவிடுவதும், உறங்காதிருப்பதும், தம் மறுபரிசோதனையைத் தள்ளிப்போடுவதும் எங்களுக்குப் பழகிய காட்சிகள். இதனைப் படிப்போருள் அத்தகையோர் இருப்பின், அடுத்த முறை வரும்போது செவிலியரிடம் தம் கையையும் நீட்டுமாறு கேட்டுக்கொள்கிறோம்.

ஆவணியில் மாலை மழைகள் வந்தன. புரட்டாசி இறுதியில் கீழ்க் கிளைகளில் ஊசிமுனை அளவில் பச்சைத் தளிர்கள் தோன்றின. அவை சற்று விரிந்தபின், கீலேட் வடிவிலான இரும்பை மிகக் குறைந்த அளவில் கொடுக்கச் சொன்னோம். வேளாண் இடுபொருள் கடைகளில் கிடைக்கும். உச்சி துளிர்க்கவில்லை. பதினோராண்டு வளர்த்த உயரத்தில் பாதி போயிற்று.

மறுபரிசோதனையில் ஆசிரியர் கேட்டது இதைத்தான்: “பழையபடி ஆகுமா?” மரத்தைக் கேட்கிறாரா, தம்மைக் கேட்கிறாரா என்று முதலில் எங்களுக்கு விளங்கவில்லை. இரண்டுக்கும் விடை ஒன்றாகவே இருந்தமையால் தெளிவாகவே சொன்னோம். ஆகாது. சிறுநீரகத்தின் ஆற்றல் இழந்த அளவு முழுவதும் திரும்பாது. எஞ்சியதைக் காக்கலாம், காத்தால் பல்லாண்டு நடமாடலாம். உயரம் குறைந்த மரத்துக்கும் வழி உண்டு. உலர்ந்த உச்சியைப் பட்டை நீக்கி வெள்ளெலும்பு போல் நிறுத்தி வைப்பதையே போன்சாய் கலைஞர் ஓர் அழகாகக் கொள்வர். அல்லது உச்சியை வெட்டிவிட்டுக் கீழ்க் கிளையொன்றை நிமிர்த்திக் கட்டி, அதனையே தலைமைத் தண்டாக்கலாம். சென்னை அடையாற்றில் பிரம்மஞான சபை வளாகத்து ஆலமரத்தின் தாய்மரம் 1989-இல் காற்றில் வீழ்ந்தது. விழுதுகள் ஊன்றிய பகுதிகளே இன்று நிழல் தருகின்றன. ஆசிரியர் சில நாள் சிந்தித்து, வெட்டுவது என முடிவு செய்தார். கோபம் தணிய அவருக்குச் சற்றுக் காலம் ஆயிற்று. அந்தக் கோபத்தையும் நாங்கள் தவறென்று கருதவில்லை.

வெட்டியவர் அவரல்லர், மனைவி. இதற்கும் மருத்துவக் காரணம் உண்டு. நீரிழிவு, சிறுநீரக நோய் உடையோர் ஈர மண்ணை வெறுங்கையால் தொடுதல் நன்றன்று. மெலியாய்டோசிஸ் என்னும் கடுந்தொற்றை உண்டாக்கும் பாக்டீரியா தென்னிந்தியக் கடலோர மண்ணிலும் மழைநீர் தேங்கும் இடங்களிலும் வாழ்கிறது. சிறு வெட்டுக்காயம் அதற்குப் போதும். மண் வேலை செய்தே ஆக வேண்டுமெனில் கையுறையும் மூடிய காலணியும் வேண்டும். உறுப்பு மாற்று சிகிச்சை பெற்றோரும், புற்றுநோய் மருந்தால் வெள்ளணுக்கள் குறைந்தோரும் தொட்டி மண்ணைக் கிளறவே கூடாது. அதிலிருந்து எழும் பூஞ்சை வித்துகள் நுரையீரலைத் தாக்கக்கூடும். அவர்கள் நாற்காலியில் அமர்ந்து, எந்தக் கிளையை எவ்விடத்தில் வெட்டுவது என்று சொல்லலாம். எங்கள் ஆசிரியர் அதை மிகுந்த கண்டிப்போடு செய்தார் எனக் கேள்வி.

நீர்த் தட்டைப் பற்றியும் ஒரு சொல். மொட்டைச் சைப்ரஸ் வளர்ப்போர் பலர் தொட்டியை நீருள்ள தட்டில் நிறுத்துவர். தெளிந்த நீர் தேங்கிய தட்டு, டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவுக்குப் பிறப்பிடம். முட்டை கொசுவாக ஏறத்தாழ ஒரு வாரம் முதல் பத்து நாள்வரை ஆகும். ஆகவே நீரை ஐந்து நாளுக்கொருமுறை கொட்டிவிட வேண்டும். கொட்டுதல் மட்டும் போதாது. முட்டைகள் தட்டின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு, உலர்ந்த நிலையிலும் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். நார் கொண்டு தேய்த்துக் கழுவினாலே போகும். தட்டை மணலால் நிரப்பி, மணலின் மட்டத்துக்குக் கீழே நீர் நிற்குமாறு செய்தால் கொசுவுக்கு நீர்ப்பரப்பே கிடைக்காது.

2011 டிசம்பர் 30 அன்று தானே புயலும், 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயலும் நம் நகரைத் தாக்கியதை மறந்திருக்க மாட்டோம். எச்சரிக்கை வந்ததும் மாடிச் சுவர்மேல் உள்ள தொட்டிகளை இறக்கிச் சுவரோரம் தரையில் வைத்து, தட்டுகளைக் கவிழ்த்துவிடுக. அறுவை சிகிச்சை செய்துகொண்டோரும் டயாலிசிஸுக்கெனக் கையில் ஃபிஸ்டுலா அமைத்துக்கொண்டோரும் அத்தொட்டிகளைத் தூக்கலாகாது. வீட்டில் வேறொருவரிடம் சொல்லுக.