கொழும்பு பஸ் ஏறுவதற்கு முன்னால்

மலையகத்துத் தேயிலைத் தோட்டத்தில் ஒரு பிள்ளை காணாமல் போகும்போது கூச்சலும் எழாது, அழுகையும் கேட்காது. தரம் எட்டிலோ ஒன்பதிலோ படிக்கிற பிள்ளை ஒரு நாள் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. இரண்டாவது வாரம் பக்கத்து லயத்துப் பிள்ளையிடம் டீச்சர் விசாரித்தால், “அவ கொழும்புல நிக்கிறா, டீச்சர்” என்று பதில் வரும். அதற்கு மேல் கேட்பாரில்லை.

கண்டியிலிருந்து வத்தேகம, பன்வில வழியாக மடுல்கெல்லவுக்கு ஏறும் பாதையில் நக்கிள்ஸ் மலையழகைப் பார்க்க வருகிறவர்கள் நிறைய. அதே பாதையில் கீழே இறங்கும் பஸ்ஸில் எந்தப் பிள்ளை புத்தகப் பையோடு போகிறது, எந்தப் பிள்ளை துணிப் பையோடு போகிறது என்று பார்ப்பவர்கள் குறைவு. சிறுவர் பாதுகாப்புக்கென்று இந்தப் பக்கம் வேலை செய்யும் தொண்டு அமைப்புகள் கண் வைக்கவேண்டியது அந்தத் துணிப் பையின் மேல்தான். மீட்கப்பட்ட பிள்ளையின் கதை பத்திரிகைக்கு நல்ல படம் தரும். பஸ் ஏறாமலே தடுக்கப்பட்ட பிள்ளையைப் பற்றி எழுத ஒன்றும் இருக்காது. ஆனாலும் அந்த இரண்டாவது வேலைதான் பெரிய வேலை.

 2021 ஜூலையில், கொழும்பில் வீட்டு வேலைக்கு நின்ற டயகமவைச் சேர்ந்த 16 வயதுச் சிறுமி தீக்காயத்தோடு ஆஸ்பத்திரியில் இறந்தபோது மலையகமே தெருவில் இறங்கியது. அதற்கு 12 வருடம் முன்பு, 2009 ஆகஸ்ட்டில், மஸ்கெலியாப் பக்கத்திலிருந்து வேலைக்குப் போன இரண்டு சிறுமிகளின் உடல்கள் கொழும்பில் ஒரு கால்வாயில் கிடந்தன. இரண்டு முறையும் ஊர்வலம், அறிக்கை, விசாரணை. இரண்டு முறையும் பேச்சு அடங்கிவிட்டது. பிள்ளைகளை வேலைக்குக் கூட்டிப் போகும் தரகர் வருவது மட்டும் நிற்கவில்லை.

தரகர் என்றதும் சினிமா வில்லனைத் தேடவேண்டாம். பெரும்பாலும் அதே தோட்டத்தில் பிறந்து, கொழும்பில் கடையிலோ வீட்டிலோ நின்று பழகியவர். பிள்ளைகள் மாமா என்றோ அக்கா என்றோ கூப்பிடுகிற ஆள். நேரம் பார்த்து வருவார். தீபாவளி நெருங்குகிறது, கையில் காசில்லை. பெரியவளுக்குச் சடங்கு வைக்கவேண்டும். சாவுச் செலவுக்கு வாங்கிய கடன் நிற்கிறது. கொழுந்து குறைந்து மாதத்தில் பாதி நாள் சம்பளம்தான் விழுந்திருக்கிறது. அந்த நேரத்தில் ஒரு பிஸ்கட் பக்கட்டோடு காம்பராவுக்குள் வந்து உட்கார்வார். தேத்தண்ணி குடிப்பார். வேலை என்ற பேச்சையே எடுக்கமாட்டார். நல்ல வீடு, கைக்குழந்தையைப் பார்த்துக்கொண்டால் போதும், அவர்களே படிக்கவும் வைப்பார்கள் என்பார். எழுந்து போகும்போது முற்பணம் தாயின் கையில் இருக்கும். பூட்டு அந்தப் பணம்தான். இரண்டு மாதம் கழித்துப் பிள்ளை போனில் அழுதாலும், வாங்கியதைத் திருப்பிக் கொடுக்க வழியில்லாமல் “கொஞ்ச நாள் பொறுத்துக்கம்மா” என்று சொல்லிவிட்டுத் தாயும் அழுவாள்.

சட்டத்துக்குக் குறைவில்லை. 2016-இல் கட்டாயக் கல்வி வயது 16 ஆக உயர்ந்தது. வேலைக்கு அமர்த்தும் குறைந்த வயது 2021-இல் 14-இலிருந்து 16 ஆனது. 1998-ஆம் ஆண்டின் 50-ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்ற தொலைபேசி இலக்கம் இரவும் பகலும் திறந்திருக்கிறது. ஆனால் கொழும்பு வீட்டில் நிற்கிற பிள்ளைக்குப் போன் கையில் கிடைப்பது பெரும்பாலும் வீட்டுக்கார அம்மாவின் முன்னால்தான்.

2016-இல் எடுத்த அரச கணக்கெடுப்பின்படி நாட்டில் சிறுவர் தொழிலாளர் 43,714 பேர். நூற்றில் ஒரு பிள்ளை. இதை ஆறுதலாகச் சொல்பவர்கள் உண்டு. ‘எங்கள் சொந்தக்காரப் பிள்ளை’ என்று அறிமுகப்படுத்தப்படுகிற சிறுமி, வாசலில் நின்று கணக்கெடுப்பவரின் தாளில் எப்படி விழுவாள்? 2019-இல் தோட்டப்புறத்தில் மூவரில் ஒருவர் வறுமைக்கோட்டுக்குக் கீழே இருந்தார். நாடு முழுவதற்கும் எடுத்தால் ஏழில் ஒருவர். 2022-இன் பொருளாதார நெருக்கடியில் அது என்ன ஆனது என்று எல்லோருக்கும் தெரியும்.

கண்டிக்கு இந்தப் பணி புதிதல்ல. தோட்ட மக்களின் உரிமையைப் பேசப் பலர் தயங்கிய காலத்தில், 1972-இல் ஒரு சேசு சபைத் துறவி தொடங்கிய சத்தியோதயா அதைப் பேசியது. கண்டித் தெருவில் பிச்சையெடுத்த பிள்ளைகளுக்காக 2006-இல் சைல்ட் அக்‌ஷன் லங்கா தொடங்கியது. சிறுவர் கழகம், மாலை வகுப்பு, பிறப்புச் சான்றிதழ் எடுத்துக் கொடுக்கும் நடமாடும் சேவை என்று வேறு பல அமைப்புகளும் மலையேறியிருக்கின்றன. சான்றிதழ் சின்ன விஷயம் அல்ல. அது இல்லாத பிள்ளையின் வயதைத் தரகர் தன் இஷ்டத்துக்குச் சொல்லலாம்.

ஆனால் ஒரு அமைப்பை எதை வைத்து எடைபோடுவது என்று கேட்டால், பாடசாலை வரவுப் பதிவேட்டை அது பார்க்கிறதா என்றுதான் நான் கேட்பேன். ஒரு பிள்ளை தொடர்ந்து மூன்று நாள் வராவிட்டால் அன்று மாலையே ஒருவர் லயத்துக்குப் போகவேண்டும். தாய் மலையிலிருந்து இறங்கி, கொழுந்து நிறுத்து, கால் கழுவி உட்கார்ந்த பிறகு. போகிறவர் கண்டியிலிருந்து ஜீப்பில் வரும் உத்தியோகத்தராக இருந்தால் காரியம் நடக்காது. அதே தோட்டத்தில் பிறந்து, உயர்தரம் வரை படித்து, முன்பள்ளியில் கற்பிக்கிற பெண்ணாக இருந்தால் நடக்கும். அவர் சட்டத்தில் தொடங்கமாட்டார். சப்பாத்து கிழிந்ததா, கைப்பிள்ளையைப் பார்க்க ஆளில்லையா, பாட்டிக்கு முடியவில்லையா என்று கேட்பார். தாய் மத்திய கிழக்குக்குப் போய்விட்ட வீடு எது, யார் வாசலில் பிஸ்கட் பக்கட் வந்திறங்கியது என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். பெண்களின் சேமிப்புக் குழுவிலிருந்து அவசரக் கடன் வாங்கிக் கொடுக்கவும் அவரால் முடியும். தரகரின் முற்பணத்தை எதிர்த்து நிற்க அந்தக் கடனை விட்டால் வேறு ஒன்றும் இல்லை.

என் கவலையெல்லாம் இந்தப் பெண்ணைப் பற்றித்தான். அவருடைய கொடுப்பனவு ஒரு திட்டத்திலிருந்து வருகிறது. திட்டத்துக்கு இரண்டு வருடம், மூன்று வருடம் என்று ஆயுள். அது முடிந்ததும் படங்களோடு அறிக்கை போகும், அலுவலகம் பூட்டப்படும், அவரும் ஆடைத் தொழிற்சாலைக்கோ கொழும்புக் கடைக்கோ போய்விடுவார். குடித்துவிட்டு வரும் சித்தப்பாவைப் பற்றி அவரிடம் மட்டும் வாய் திறந்த பிள்ளை இனி யாரிடம் சொல்லும்? புதிய அமைப்பு ஒன்று வந்து புதிய பெயரில் புதிய கழகம் தொடங்கும்போது அந்தப் பிள்ளை பின்வரிசையில் பேசாமல் உட்கார்ந்திருக்கும். தரகருக்கு இப்படித் திட்டக் காலம் எதுவும் கிடையாது. அவர் 20 வருடமாக அதே மாமாதான்.

 

கண்டி ஹோட்டலில் ஒரு நாள் விழிப்புணர்வுச் செயலமர்வுக்கு என்ன செலவாகிறது என்று கேட்டுப் பாருங்கள். பிறகு அந்த முன்பள்ளிப் பெண்ணின் மாதக் கொடுப்பனவைக் கேளுங்கள். தீபாவளிக்குத் தோட்டப் பிள்ளைகளுக்கு உடுப்பு வாங்கச் சொல்லிப் பணம் அனுப்பும் வெளிநாட்டுத் தமிழர்கள், ஒரு தோட்டத்துக்கு ஒரு பெண்ணைப் பத்து வருடம் தாங்குவோம் என்று ஒரு சங்கமாக முடிவெடுத்தால் அது முடியாத காரியம் அல்ல.

அந்தப் பெண் கட்டாயம் ஊரில் இருக்கவேண்டிய வாரமும் தீபாவளி வாரம்தான். கொழும்பில் நிற்கிற பிள்ளைகள் வீட்டுக்கு வருவது அப்போது. வந்தவர்களில் ஒருத்தி திரும்பிப் போகமாட்டேன் என்று சொன்னால், மிச்ச முற்பணத்தைத் தீர்க்க வழி பார்த்து, அதிபரிடம் பேசி, விட்ட வகுப்பில் சேர்த்து முடிக்கக் கிடைப்பது நாலைந்து நாள். ஞாயிற்றுக்கிழமை அந்த மாமா கூட்டிப் போக வந்துவிடுவார்.