சாணவாயு அடுப்பும் வெயில் புகும் குசினியும்

தெல்தோட்டைப் பகுதியில் இரண்டு மூன்று பசுக்களைக் கட்டி வளர்க்கும் குடும்பத்தினர், சாணத்தைக் கொட்டிலின் பின்புறம் குவித்துவிட்டு, அடுப்புக்குக் கவ்வாத்து மிலாறு தேடி மலையேறுவதுண்டு. 2021ஆம் ஆண்டில் இரசாயனப் பசளை இறக்குமதி தடை செய்யப்பட்டதும், மறு ஆண்டில் எரிவாயு உருளைக்காக மக்கள் தெருவில் வரிசையாக நின்றதும் உங்களுக்கு மறந்திராது. அவ்விரு குறைகளுக்கும் ஓரளவு மருந்து அச்சாணக் குவியலிலேயே கிடந்தது.

காற்றுப் புகாத குழியில் சாணத்தை நீருடன் கலந்து அடைத்து வைத்தால், நுண்ணுயிர்கள் அதனைச் சிதைத்து மெதேன் என்னும் எரியும் வாயுவை உண்டாக்கும். கட்டி வளர்க்கும் பசு நாளொன்றுக்குச் சுமார் 10 கிலோ சாணம் தரும். 25 கிலோ சாணத்தில் ஏறக்குறைய 1 கனமீற்றர் வாயு கிடைக்கும். நால்வருள்ள குடும்பத்தின் சமையலிற் பெரும்பகுதிக்கு அது போதும். மாதக் கணக்கில் 12.5 கிலோ உருளை ஒன்றுக்கு ஈடாகும். ஒரேயொரு பசு வைத்திருப்போருக்குக் குழி கட்டும் செலவு பயன் தராது.

மலைநாட்டில் குளிரே முதற் பகை. இந்நுண்ணுயிர்கள் 30 முதல் 37 பாகை வெப்பத்தில் நன்கு தொழிற்படும். 20 பாகைக்குக் கீழே மந்தமாகிவிடும். ஆகவே தாழ்நிலத்தில் 30, 40 நாள் தங்கும் கரைசல் இங்கு 50 நாளாவது தங்கவேண்டும். 25 கிலோ சாணமும் 25 லீற்றர் நீருமாக நாளுக்கு 50 லீற்றர் எனின், 50 நாளுக்கு 2,500 லீற்றர் கொள்ளும் குழி தேவை. வாயு தேங்கும் இடம் இதற்குப் புறம்பானது. தாழ்நாட்டு அளவில் கட்டிய குழி மார்கழியில் உங்களை ஏமாற்றும்.

மர நிழல் விழாது, காலை வெயில் படும் இடத்தைத் தெரிவு செய்யுங்கள். கிணற்றுக்கு 15 மீற்றராவது விலகி, அதனிலும் தாழ்ந்த இடமாக இருத்தல் வேண்டும். மலைச்சரிவு இவ்விடயத்தில் நமக்கு உதவி: கொட்டில் மேலும், குழி நடுவிலும், போஞ்சிப் பாத்தி கீழுமாக அமைந்தால், சாணமும் கழிவுக் கரைசலும் தாமாகவே இறங்கும், சுமக்கும் வேலை இல்லை. வாயு பிரிந்தபின் எஞ்சும் கரைசலிற் பசளைச்சத்துப் பெரிதும் குறைவதில்லை.

அதே வெயிலை வீட்டுக்கும் அழையுங்கள். குசினியின் கிழக்குச் சுவரில் அகன்ற யன்னலும், கூரையில் இரண்டு கண்ணாடி ஓடுகளும் இருப்பின் பகலில் மின்விளக்கு வேண்டியதில்லை. கறுப்பு வர்ணம் பூசிய நீர்த்தாங்கியைக் கூரைமேல் வெயிலில் வைத்தால், வெந்நீருக்குச் செலவாகும் வாயு மிஞ்சும்.

முதலில் வரும் வாயு சரிவர எரியாது. காற்றுக் கலந்திருந்தால் வெடிக்கவுங் கூடும். அதனை வெளியே விட்டுவிடுங்கள். குழியருகே தீக்குச்சி கிழித்துச் சோதிக்க வேண்டாம். துப்புரவுக்காகவும் எவரும் குழிக்குள் இறங்கலாகாது. உள்ளிருக்கும் நச்சுவாயு மூச்சை நிறுத்திவிடும். கொட்டில் கழுவிய சவர்க்கார நீர் குழியிற் சேர்ந்தால் நுண்ணுயிர்கள் மடியும்.

கட்டிய குழிகள் பாழடைவது பெரும்பாலும் சீமெந்தின் குறையால் அன்று. தினமும் சாணம் கரைத்து ஊற்றுவது யார் பொறுப்பு என்று வீட்டில் எவரும் பேசி வைக்காததே காரணம். அதனைத் தீர்மானித்த பின்னரே மேசனுக்குச் சொல்லியனுப்புங்கள்.