'போய்' என்பதும் 'கோன்' என்பதும்

மெதடிஸ்த பாதிரியார் வில்லியம் ஓல்ட் 1814ஆம் ஆண்டில் மட்டக்களப்புக்கு வந்து பள்ளி நிறுவினார். இரு நூற்றாண்டு கடந்த பின்னரும் மாணவர் பலர் 'ஹாவ்' என்னுந் துணைவினையை அடுத்து 'கோன்' என்னாது 'வென்ற்' என்றே எழுதுகின்றனர். இது சோம்பலால் விளைந்த பிழையன்று. தமிழ் வினைகள் பலவற்றில் இறந்தகால அடி ஒன்றே முற்றுக்கும் எச்சத்துக்கும் பொதுவாய் நிற்கின்றது: வந்தான், வந்த, வந்து. ஆங்கிலத்தும் அவ்வாறே ஒரு வடிவம் போதுமென அவர் மயங்குவது இயல்பே.

ஆயினும் இதே பொருளுடைய தமிழ்வினை இம்மயக்கத்தைத் தீர்க்க வல்லது. வாவிக்கு மீன்பிடிக்கச் சென்றவனைப் 'போனான்' என்கிறோம்; அவன் இன்னும் மீளானாயின் 'போயிருக்கிறான்' என்கிறோம். 'போனிருக்கிறான்' என்பார் இலர். 'போனான்' நிற்குமிடத்து 'வென்ற்'. இருத்தல் வினையோடு 'போய்' கூடுமிடத்துக் 'கோன்'. ('போன' என்னும் பெயரெச்சம் இவ்வொப்புமைக்குள் அடங்காது.)

'வென்ற்' என்பது 'கோ'வின் வழிப்பிறந்ததும் அன்று. 'செண்ட்' என்பதற்குச் 'சென்ற்' போல, 'வெண்ட்' என்னும் வேறொரு பழவினையின் இறந்தகாலம் அது. 'கோ' தன் பழைய வடிவை இழந்தபோது இரவலாக வந்தது. 'கோன்' ஒன்றே சொந்தக் குடியிற் பிறந்தது.

'கம்' என்னும் வினையிலோ மூன்றாம் வடிவம் முதலாவதையே ஒக்கும். அங்கே தமிழ் துணைசெய்யாது. மனனஞ் செய்தலே வழி.