இழுத்தால் பருக்கும் பலகை

பிள்ளைகளின் பென்சில் டப்பாவில் கிடக்கும் நீளமான ரப்பர் ஒன்றை எடுத்து, இரு முனைகளையும் பிடித்துக் கீழ்நோக்கி வளையுங்கள். நீளவாட்டில் அதன் முதுகு மேடாகும். இப்போது அகலவாட்டில் பாருங்கள்: நடுப்பகுதி குழிந்து, ஓரங்கள் இரண்டும் லேசாக மேலே தூக்கி நிற்கும். குதிரைச் சேணத்தின் வடிவம் அது.

வளைக்கும்போது ரப்பரின் மேல்பரப்பு இழுபடுகிறது, அடிப்பரப்பு நெருக்கப்படுகிறது. இழுபட்ட பக்கம் அகலம் குறைகிறது. நெருக்கப்பட்ட பக்கம் பிதுங்குகிறது. அதனால்தான் சேணம். நீட்டினால் குறுக்கே எவ்வளவு ஒடுங்கும் என்பதைச் சொல்லும் எண்ணுக்குப் பாய்சான் விகிதம் என்று பெயர். ரப்பருக்கு அது ஏறத்தாழ 0.5, எஃகுக்கு 0.3, பாட்டில் மூடும் தக்கைக்கு ஏறக்குறைய சுழியம்.

இந்த எண் சுழியத்துக்கும் கீழே போகுமா? எல்லாத் திசையிலும் ஒரே குணமுள்ள பொருளில் −1 வரை போகலாம் என்று கோட்பாடு சொல்லிக்கொண்டுதான் இருந்தது. 1987இல் அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ராடரிக் லேக்ஸ் அதைக் கையில் எடுத்துக் காட்டினார். சாதாரண பாலியூரிதேன் நுரைப்பஞ்சை மூன்று திசையிலும் நெருக்கி, சூடேற்றி, அப்படியே ஆறவிட்டார். பஞ்சின் நுண்ணறைகள் உள்நோக்கி மடங்கியபடி உறைந்துவிட்டன. அதை இழுத்தபோது குறுக்கேயும் பருத்தது, விகிதம் −0.7. இத்தகைய பொருள்களுக்கு 'ஆக்ஸெடிக்' என்ற பெயரை 1991இல் கென் எவன்ஸ் வைத்தார். பெருகும் தன்மையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது அது.

பலகையில் இதைக் கொண்டுவரத் தனி உலோகம் எதுவும் வேண்டாம், ஓட்டைகளின் வடிவத்தை மாற்றினால் போதும். தேன்கூட்டின் அறுகோண அறையில் எதிரெதிரான இரு மூலைகளை உள்ளே தள்ளுங்கள். உடுக்கை வடிவம் கிடைக்கும். பக்கத்து அறையின் சுவர் உடுக்கையின் இடுப்பைப் பிடித்து வெளியே இழுத்தால், மடங்கியிருந்த சாய்சுவர்கள் நிமிர்கின்றன. சுவர் நிமிர்ந்தால் உயரமும் கூடும். பருப்பதன் ரகசியம் முழுவதும் இவ்வளவுதான்.

தகடு எப்படி அதிரும் என்பதிலும் இந்த விகிதத்துக்குப் பங்குண்டு. இனி அதற்கு வருவோம். தகட்டின் மேல் மணலைத் தூவி அதிரவைத்தால், அசையாத இடங்களில் மணல் கோலமாக ஒதுங்கும் என்று 1787இல் ஜெர்மானியர் கிளாட்னி எழுதிவைத்தார். அந்தக் கோலங்களுக்கான கணக்கைத் தேடி உழைத்து, 1816இல் பாரிஸ் அறிவியல் கழகத்தின் பரிசைப் பெற்றவர் சோஃபி ஜெர்மேன் என்ற பெண்மணி. அதே புதிரில் இறங்கிய இன்னொருவர்தான், நம் விகிதத்துக்குப் பெயர் தந்த பாய்சான்.

நான்கு ஓரமும் எதிலும் பொருத்தப்படாத சதுரத் தகட்டில் இரண்டு கோலங்கள் அருகருகே வரும். ஒன்றில் மணல் பெருக்கல் குறிபோல மூலைவிட்டங்களில் நிற்கும். அப்போது தகடு சேணமாக வளைகிறது. மற்றொன்றில் மணல் வளையமாக நிற்கும். தகடு கவிழ்த்த கிண்ணமாக வளைகிறது. எஃகுத் தகட்டுக்குச் சேணமாவது சுலபம், ஆகவே அந்த ஒலி தாழ்ந்தும், கிண்ணத்தின் ஒலி உயர்ந்தும் இருக்கும். விகிதம் சுழியமானால் இரண்டும் ஒரே ஒலி. ஆக்ஸெடிக் தகட்டிலோ வரிசை தலைகீழ்: அதற்குக் கிண்ணமாவதுதான் சுலபம். தகட்டைப் பார்க்காமலே, எந்தக் கோலம் முதலில் வருகிறது என்பதை வைத்து விகிதத்தின் குறியைச் சொல்லிவிடலாம். இந்தத் துறையில் என்னை மிகவும் கவர்ந்தது இதுதான்.

பொறியாளருக்கு வேண்டியது வேறு. பலகையின் இயல் அதிர்வெண்ணும் எஞ்சினின் அதிர்வும் ஒன்றிப்போனால் ஒத்ததிர்வு ஏற்பட்டு ஆணி கழன்று, மூட்டு வெடிக்கும். ராக்கெட்டில் ஏறும் செயற்கைக்கோளின் தேன்கூட்டுப் பலகைகளுக்கு இது உயிர்ப்பிரச்சினை. பலகை வளைய மறுக்கும் விறைப்பு, ஒன்றிலிருந்து விகிதத்தின் வர்க்கத்தைக் கழித்து வரும் எண்ணுக்கு எதிர்விகிதத்தில் இருக்கும். 0.3 என்றால் அந்த எண் 0.91, −0.7 என்றால் 0.51. மற்றவை மாறாதிருந்தால், விறைப்பு 78 சதவீதமும் அதிர்வெண் சுமார் 34 சதவீதமும் உயரும்.

'மற்றவை மாறாதிருந்தால்' என்பதில்தான் சிக்கல். உடுக்கை அறைகளுக்காகப் பலகையைக் குடைந்தால் பொருள் குறைகிறது. மெல்லிய சாய்சுவர்கள் வளைந்துகொடுப்பதால், இழுவையை எதிர்க்கும் விறைப்பைச் சொல்லும் யங் குணகமும் சரிகிறது. விகிதத்தால் வந்த லாபத்தை இந்த இழப்பு விழுங்கிவிடலாம். ஆகவே தனித் தகடாக இதை நான் பரிந்துரைக்க மாட்டேன். இரண்டு உறுதியான மேல்தகடுகளுக்கு நடுவே உள்ளீடாகவோ, அதிர்வை உறிஞ்சும் நுரையாகவோ, கிண்ணம்போல் வளைய வேண்டிய பலகையிலோ வைத்தால் அதன் அருமை தெரியும்.

புதிய பலகை அதிர்வை இத்தனை சதவீதம் குறைத்தது என்று செய்தி வந்தால், ஒப்பிட்ட இரண்டு பலகைகளும் ஒரே எடைதானா என்பதை முதலில் பாருங்கள்.