மணிபல்லவமும் நாகதீபமும்

பௌத்தத் தலங்களைக் காண விழைவோர் அநுராதபுரத்துக்கும் களனிக்கும் கண்டிக்கும் செல்வது வழக்கம். ஆயின் பௌத்தர்கள் போற்றும் பதினாறு புனிதத் தலங்களுள் ஒன்று நமது யாழ்ப்பாணக் கடலிலேயே இருக்கின்றது. நயினாதீவின் நாகதீப விகாரையையே குறிப்பிடுகின்றோம். அம்மன் திருவிழாவுக்கு ஆண்டு தவறாது செல்லும் நம்மவருள் எத்தனை பேர் அவ்விகாரையில் ஒரு நாழிகையேனும் நின்றிருப்பர்?

வேலணை, புங்குடுதீவு வழியாகச் செல்லும் வீதி குறிகட்டுவானில் முடிவடைகின்றது. அங்கிருந்து படகேறினால் அரை மணிக்குள் தீவை அடையலாம். ஒருபுறம் நாகபூஷணி அம்மனின் கோபுரம்; மறுபுறம் வெள்ளி நிறத் தாதுகோபம். இன்றுள்ள விகாரைக் கட்டடங்கள் 20ஆம் நூற்றாண்டில் எழுந்தவை. பழைய சிற்பங்களைத் தேடிச் செல்வோர் ஏமாற்றமடைதல் கூடும். இத்தலத்தின் பெருமை கல்லிலன்று, கதையிலேயே உள்ளது.

மாமனும் மருமகனுமாகிய மகோதரன், சூளோதரன் என்னும் நாக அரசர் இருவர் மணியாசனம் ஒன்றுக்காகப் போர் தொடுத்தனர் என்றும், புத்தர் பெருமான் எழுந்தருளிப் பகை தீர்த்தார் என்றும் மகாவம்சம் கூறும். இஃது அயலார் கதையென ஒதுக்கற்பாலதன்று. நாக அரசர் இருவரின் பீடிகைப் போரை நம் சாத்தனாரும் மணிமேகலையிற் பாடியுள்ளார். மணிமேகலை அமுதசுரபியைப் பெற்றதும் அப்பீடிகையுள்ள மணிபல்லவத்திலேதான். ஐம்பெருங்காப்பியம் எவையென்று கேட்டால் மணிமேகலையை உடனே சொல்லிவிடும் மாணவர், தமிழர் பௌத்தராகவும் வாழ்ந்தனர் என்றால் வியப்படைகின்றனர். அவ்வியப்பே எமக்கு வியப்பு!

மணிபல்லவம் நயினாதீவுதானா என்பதில் அறிஞரிடையே ஒருமைப்பாடில்லை. நாகதீபம் என்ற பெயரும் முற்காலத்தில் இச்சிறு தீவை மட்டுமே குறித்ததன்று. 1936இல் வல்லிபுரத்தில் கிடைத்த பொன்னேடு, வசப மன்னன் காலத்தில் நாகதீபத்தை அமைச்சன் ஒருவன் ஆண்டான் என்கின்றது. அந்த நாகதீபம் குடாநாடு முழுவதுமே எனக் கொள்வர். தீவின் பெயரையிட்டு இக்காலத்தில் வாதிடும் இரு சாராரும் அவ்வேட்டை ஒருமுறை நினைவுகூர்தல் நன்று.

அம்மன் ஆலயத்தில் இன்னுமொரு செல்வம் உண்டு. 12ஆம் நூற்றாண்டில் ஆண்ட முதலாம் பராக்கிரமபாகுவின் கல்வெட்டு அது. ஊர்காவற்றுறையாகிய ஊராத்துறையில் வந்திறங்கும் பரதேசிகளைப் பாதுகாக்க வேண்டும் என்கிறான் மன்னன். யானையும் குதிரையும் ஏற்றிவரும் மரக்கலம் உடைந்தால் காற்பங்கு பண்டாரத்துக்கு, முக்காற்பங்கு உடையவனுக்கு. பிற சரக்கேற்றிய மரக்கலமாயின் சரிபாதி. படைக்கு வேண்டிய விலங்குகளைக் கொணரும் வணிகனுக்கு அரசன் காட்டிய சலுகையைப் பாருங்கள்! சிங்கள வேந்தன் பொறித்த அச்சாசனம் தமிழில் உள்ளது. கடல் வணிகரும் துறைமுக மக்களும் வழங்கிய மொழி அதுவே என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

நெடுந்தீவுக்குச் செல்ல நேரம் வாய்ப்பின், வெடியரசன் கோட்டை என ஊரார் வழங்கும் இடத்தையும் பார்க்கலாம். பழைய தூபிகளின் அடித்தளங்கள் அங்கே சிதைந்து கிடக்கின்றன.

நயினாதீவிலிருந்து திரும்புமுன் அம்மன் ஆலயத்தின் அன்னதான மண்டபத்தில் உணவருந்தலாம். சைவ ஆலயத்து மண்டபமாயினும் அதன் பெயர் அமுதசுரபி. விகாரையை வணங்கிவிட்டு வரும் சிங்கள யாத்திரிகரும் அங்கே நம்மவரோடு ஒரே பந்தியில் அமர்கின்றனர்.